பத்தியம் ஒண்ணும் இல்ல

பசிக்கல. காலைல கண்ணு முழிச்சதுல இருந்து காத்துக்கிட்டுதான் கெடக்கேன், பசிக்கவே இல்ல. எனக்கு, தவசிலிங்கத்துக்கு, பசிக்கல. சர்வீஸ் பூராவும் டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டரா பஸ்ஸுக்கு பஸ் ஏறி எறங்குன உடம்பு இது. ரோட்டோரத்துல நின்னுக்கிட்டே பரோட்டாவைப் பிச்சுப் போட்டுட்டு அடுத்த வண்டிக்குக் கை காட்டுன உடம்பு. காய்ச்சல்ல கெடந்தாலும் எங்க வீட்டுக்காரி பூங்கோதைகிட்ட இன்னும் ரெண்டு இட்லி வையுடின்னு கேக்குற வயிறு. இப்ப தலைமாட்டுல ஸ்டூல் மேல கஞ்சி இருக்கு, ஆடை கட்டிப் போச்சு, அதைப் பார்த்தாலே கொமட்டிக்கிட்டு வருது. வாய்க்குள்ள துருப்பிடிச்ச ஆணியச் சப்புன மாதிரி ஒரு ருசி. அது போகட்டும், தொண்டை ஏன் அறுக்குது? எச்சி முழுங்குனா முள்ளு குத்துது. குடலிறக்கத்துக்குத்தானய்யா ஆபரேஷன் பண்ணுனீங்க? அடிவயித்துல, இந்தா, பிளாஸ்திரி இங்கனதான் ஒட்டியிருக்கு. வயித்தைத் தைக்க வந்தவனுக்குத் தொண்டைக்குள்ள என்னய்யா வேலை? நேத்துக் காலைல போனோம், நேத்துச் சாயங்காலமே ஆட்டோவுல ஏத்தி அனுப்பிட்டாங்க. இப்பல்லாம் அப்படித்தானாம். எங்க காலத்துல வயித்துல கத்தி வச்சா வாரக்கணக்குல கட்டில்ல போட்டு வச்சிருப்பான், ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமா சொந்தக்காரன் பூரா வந்து பார்த்துட்டுப் போவான். அறுத்த அன்னைக்கே வீட்டுக்குப் போன்னு எவன் சொல்லுவான்? நல்லாயிருச்சுன்னாச் சொல்லுவான். இல்ல, இங்க வச்சிருந்து பிரயோசனம் இல்லைன்னாலும் சொல்லுவான். இதுல நான் எந்தக் கணக்குன்னுதான் தெரியல.

மயக்க டாக்டர் அம்மா நேத்து ஆபரேஷனுக்கு முந்தி வந்து நல்லாத்தான் பேசுச்சு. சின்ன வயசு, கண்ணாடி போட்டிருந்துச்சு, என்ன சொன்னாலும் 'சரிங்கய்யா, சரிங்கய்யா'ன்னு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் அப்பவே கவனிச்சிருக்கணும். பஸ்ஸுல ரொம்ப மரியாதையாப் பேசுறவன்கிட்டதான் டிக்கெட் இருக்காது. 'வாங்க சார், உக்காருங்க சார்'னு தள்ளி எடம் குடுப்பான், நான் கையத்தான் நீட்டுவேன். அந்தம்மா சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ரெண்டு வழி இருக்குங்கய்யா, முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துப் போக வைக்கலாம், இல்லைன்னா முழு மயக்கம் குடுத்துத் தூங்க வச்சிரலாம், முதுகு ஊசின்னா கொமட்டல் கம்மி, சீக்கிரமே பசி எடுக்கும், முழு மயக்கம்னா சில பேருக்கு ரெண்டு நாளைக்குச் சாப்பாடே எறங்காது. பூங்கோதை உடனே, 'வேணாங்க, மலர் பொறந்தப்பப் போட்ட முதுகு ஊசி, இன்னைக்கும் குனிஞ்சு கோலம் போட முடியல எனக்கு'ன்னா. நான் கேக்கல. முதுகு ஊசியே போடுங்கம்மான்னுட்டேன். வலிக்குப் பயந்தில்ல, பசிக்கு ஆசைப்பட்டும் இல்ல. முழிச்சுக் கெடந்தாத்தானே என்ன பண்றாய்ங்கன்னு பார்க்கலாம்? ஒருத்தன் வயித்தை அறுக்கையில அவனைத் தூங்கச் சொல்றது என்ன நியாயம்? அப்புறம் அந்தக் குளிர் ரூமு, தலைக்கு மேல அத்தாம் பெரிய லைட்டு, உக்கார வச்சுத் தலையணையக் கட்டிப் பிடிக்கச் சொன்னாங்க, முதுகை வளைங்கய்யான்னாங்க, வளைச்சேன், சில்லுனு எதையோ தடவுனாங்க. அவ்வளவுதான். அடுத்து நான் கண்ணைத் தொறக்கையில வேற ரூமு, வேற லைட்டு, தொண்டையில முள்ளு. தூங்க வச்சுட்டாய்ங்க! நான் கேட்ட டிக்கெட் ஒண்ணு, ஏத்திவிட்ட பஸ் ஒண்ணு. எதுக்காக மாத்துனாங்க? யாரும் சொல்லல. அறுத்துப் பார்த்திருக்காங்க, உள்ள வேற என்னமோ தட்டுப்பட்டிருக்கு, இவன் முழிச்சிருந்து பார்த்துறக் கூடாதுன்னு அமுக்கிட்டாங்க. வேற என்ன காரணம் இருக்க முடியும், சொல்லுங்க பார்ப்போம்.

நேத்து ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல ஒரு அலங்காநல்லூர்காரர். அவருக்கும் குடலிறக்கந்தான், அவருக்கும் அதே டாக்டர்தான். அவருக்குச் சொன்ன மாதிரி முதுகு ஊசியே போட்டிருக்காங்க. காலு ரெண்டும் மரக்கட்டையாக் கெடக்கு, அவரே கையால தொடையத் தட்டித் தட்டிப் பார்த்து, 'யாரு காலு சார் இது'ன்னு சிரிக்கிறாரு. காலு முழிக்கிறதுக்கு முந்தி அவருக்கு வயிறு முழிச்சிருச்சு. நர்சம்மாகிட்ட, 'தாயி, பசி உசுரு போகுது, என்னத்தையாச்சும் குடு'ன்னு ஒரே ரகளை. குடிக்கக் குடுத்துப் பார்த்துட்டு இட்லி குடுக்கலாம்னதும் அந்த வீட்டம்மா தூக்குச்சட்டியத் தொறந்துச்சு பாருங்க, நல்லெண்ணெயும் இட்லிப் பொடியும் மணக்க மணக்க. மனுசன் சாஞ்சு உக்காந்து முழுங்குறாரு. அந்த மணம் என் மூக்குல ஏறுச்சோ இல்லையோ, எனக்குக் கொடலைப் பெரட்டிட்டு வந்திருச்சு, பச்சைத் தண்ணியா வாந்தி. 'அண்ணே, ஒங்களுக்கு ரெண்டு வைக்கச் சொல்லவா'ன்னு கேக்குறாரு அலங்காநல்லூர்காரர். நல்ல மனுசன்தான். அப்ப அவரைப் பார்க்க எனக்கு எரிச்சலா வந்துச்சு, மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. ஒரே நோவு, ஒரே டாக்டர், அவருக்குப் பசி, எனக்கு வாந்தி. அப்ப ஒரே நோவு இல்ல. அதான் விசயம். அவருக்குக் குடலிறக்கம். எனக்கு வேற.

பெரியண்ணன் சோணமுத்துக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. சாப்பாடு வேணாம், தொண்டை அறுக்குது. எவ்வளவு பெரிய சாப்பாட்டுராமன் அவரு, கெடா வெட்டுன்னா மொதப் பந்தியிலயும் உக்காருவாரு, கடைசிப் பந்தியில வெளம்புறவனோடயும் உக்காருவாரு. ஆஸ்பத்திரியில தொண்டைக்குள்ள கொழாய விட்டுப் பார்த்துட்டு, அந்த டாக்டர் எங்களையெல்லாம் வராண்டாவுக்குக் கூட்டிட்டு வந்து என்ன சொன்னாரு? நோவு பேரைச் சொன்னாரா? நாள் கணக்குச் சொன்னாரா? ஒண்ணுஞ் சொல்லல. 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பத்தியமெல்லாம் வேணாம், எது பிடிக்குதோ சாப்பிடட்டும், கேக்குறதைக் குடுங்க'ன்னாரு. அம்புட்டுத்தான். மதினி அந்த எடத்துலயே சேலைய வாயில வச்சு அமுக்கிட்டு உக்காந்துருச்சு. நம்ம பக்கம் இதுக்கு வேற அர்த்தம் உண்டா? வெண்டைக்காய் தின்னாதே, கத்திரிக்காய் அரிப்பு, புளியக் கொறை, தயிரு வேணாம்னு டாக்டர் திட்டுற வரைக்கும் ஒருத்தன் பொழைச்சுக் கெடப்பான். கேக்குறதைக் குடுன்னுட்டா முடிஞ்சுச்சு. அண்ணன்கிட்ட நாங்க யாரும் சொல்லல. வயித்துப் புண்ணுண்ணே, ஆறிரும்ணேன்னு நான்தான் சொன்னேன், சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அண்ணன் அயிரை மீன் கேட்டாரு. மார்க்கெட் மார்க்கெட்டா அலைஞ்சு உசுரோட துள்ளத் துள்ள வாங்கிட்டு வந்தோம். கொழம்பை நாக்குல வச்சாரு, என் மூஞ்சியப் பார்த்தாரு, தட்டைத் தள்ளி வச்சுட்டாரு. ஆக, வீட்டுல இருக்குறவங்க எப்படி மறைப்பாங்க, எப்படிச் சிரிப்பாங்க, எந்த நேரத்துல கொல்லைப்பக்கம் போயி மூக்கைச் சிந்திட்டு வருவாங்கன்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. இப்ப நேத்துச் சாயங்காலம் பெரிய டாக்டர் வந்தாரு. வந்து, என் தோள்ல கை வச்சாரு. காசு வாங்கிட்டு வைத்தியம் பார்க்குற டாக்டரு தோள்ல எதுக்குக் கை வைக்கணும்? வச்சுட்டு, 'என்ன பெரியவரே, எது பிடிக்குதோ சாப்பிடுங்க, பத்தியம் ஒண்ணும் இல்ல'ன்னாரு. பூங்கோதை பக்கம் திரும்பி, 'கேக்குறதைக் குடுங்கம்மா'ன்னாரு. அவ மூஞ்சி அப்படியே செத்துப் போச்சு. பார்த்தேன். என் கண்ணு பொய் சொல்லாது.

அவ நேத்துல இருந்து என்னைத் திட்டல. இதைவிட வேற சாட்சி வேணுமா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்னைத் திட்டாம அவளுக்குப் பொழுது விடிஞ்சதில்ல. ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டா ஒரு பாட்டு, பிரஷர் மாத்திரைய மறந்தா ஒரு பாட்டு, ஊறுகா பாட்டில் பக்கம் கை போனா போதும், 'எடுங்க, எடுங்க, எடுத்துத் தின்னுட்டு கையி காலு இழுத்துக்கிட்டுக் கெடங்க, அள்ளிப் போட நான் இருக்கேன்'னு தெருவுக்கே கேக்கும். இப்ப, 'என்னங்க, தலையணை ஒசரமா இருக்கா? காத்தாடிய வேகமா வைக்கவா? கஞ்சி வேணாமா, சரி, வேணாம்னா விடுங்க'. வேணாம்னா விடுங்களாம்ல! எம் பொண்டாட்டி வாயில இருந்து வந்த வார்த்தையா இது? காலைல ஓசூர்ல இருந்து மக மலர்விழி போன் போட்டா. பூங்கோதை எப்பவும் கட்டில் ஓரத்துல உக்காந்து ஸ்பீக்கர்ல போட்டுக் கத்திப் பேசுறவ, போனைக் காதுல ஒட்டிக்கிட்டு நைசா கொல்லைக்கு நழுவுனா. காது மந்தமான கெழவன்னு நெனச்சாளா, நான் ஓடுற பஸ்ஸுல கண்டக்டர் பையில சில்லறை கொறையுறதைச் சத்தத்துலயே சொல்லுவேன். கதவிடுக்கு வழியா ஒரே ஒரு வரிதான் வந்துச்சு. 'நான் தெரியாத மாதிரியேதான்டி இருக்கேன்.' தெரியாத மாதிரி. அப்ப என்னமோ தெரியுது.  பயமா இருக்கு. வெளிய சொன்னா வெக்கக்கேடு, ஆனாப் பயமாத்தான் இருக்கு. போறதுக்குக்கூடப் பயமில்ல, அண்ணன் மாதிரி எல்லாரு மூஞ்சியிலயும் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கிட்டே கெடக்கணுமே, அதுதான். பிளாஸ்திரிக்கு அடியில சுருக்குன்னு இழுக்குது. வெளிய எளநிக்காரன் சத்தம் போட்டுட்டுப் போறான். எனக்கு எளநியும் வேணாம்.

அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. பஸ்ஸுல ஒருத்தன் மேல சந்தேகம்னா நேரா டிக்கெட் கேக்க மாட்டேன், 'எங்க ஏறுனீங்க, அங்க மழையா'ன்னு கேப்பேன், மழைன்னா ஒரு கதை, வெயில்னா ஒரு கதை. கருவாடு. கருவாடு கேப்போம். எனக்குப் பிரஷர் வந்ததுல இருந்து இந்த வீட்டு வாசப்படி ஏறாத சாமான் அது. அதுவும் தையல் போட்ட உடம்புக்குக் கருவாடு கேட்டா எந்தப் பொம்பளையும் வெளக்குமாத்தைத்தான் தேடுவா. திட்டுனா நான் பொழைச்சேன். திட்டலைன்னா, சரி, தெரிஞ்சு போகும்.  'ஏய் பூங்கோதை'ன்னேன். 'என்னங்க'ன்னு வந்து நின்னா, கையில கரண்டி. 'கருவாட்டுக் கொழம்பு திங்கணும் போல இருக்குடி.' சொல்லிட்டு அவ மூஞ்சியவே பார்க்குறேன். திட்டுடி. என் தாயில்ல, திட்டுடி. என்ன மனுசன்யா நீயின்னு கேளு. கரண்டியத் தூக்கிக் காட்டு. அவ கரண்டியக் கீழ வச்சா. தொண்டையச் செருமிக்கிட்டா. 'நெத்திலியா, வாளையா?'ன்னு கேட்டா. எந்தக் கருவாடுன்னு கேக்குறா! எனக்கு அப்படியே கட்டிலு கீழ போற மாதிரி இருந்துச்சு. 'வாளை'ன்னேன், வேற என்ன சொல்றது. சரிங்கன்னு செருப்பை மாட்டிக்கிட்டுக் கடைக்குப் போயிட்டா. முடிஞ்சுச்சு. மலரு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? அவ வீட்டுக்காரன் வண்டியை வெரட்டுவானே, பார்த்து வரச் சொல்லணும். இவ தனியா இந்த வீட்டுல எப்படி இருப்பா, இருட்டுனா கொல்லைக்கதவுத் தாப்பாளை நான்தானே போடுவேன், அது அவளுக்கு எட்டாது, எட்டுற மாதிரி கீழ ஒண்ணு அடிக்கச் சொல்லணும்னு சொல்லிச் சொல்லியே அவ வாய் வலிச்சுச்சு, நாளைக்கு நாளைக்குன்னேன். கேஸ் அடுப்பைப் பத்த வச்ச சத்தம் கேக்குது, வந்துட்டாளா, எப்ப வந்தா, கண்ணசந்துட்டேனா? புளித்தண்ணி கொதிக்கிற வாசம் வருது. வெங்காயம். பூண்டு. அப்புறம் அது, அந்த நாத்தம், எத்தனையோ வருசம் கழிச்சு. கொமட்டப் போகுதுன்னு வாயப் பொத்துனேன். கொமட்டல. அழுகைதான் வந்துச்சு.

தட்டைக் கொண்டாந்து ஸ்டூல்ல வச்சா. சுடுசோறு, மேல கொழம்பு, ஓரத்துல ரெண்டு துண்டு. வச்சுட்டுப் போவான்னு பார்த்தேன், போகல. தட்டு விளிம்பைப் பிடிச்ச கைய எடுக்கல. 'சாப்பிடுங்க'ன்னா. அப்புறம் ஒரேயடியா ஒடைஞ்சு, 'எங்கிட்ட மட்டும் ஏங்க மறைக்கிறீங்க?'ன்னா. நான் மறைக்கிறேனா? 'தோள்ல கைய வச்சு அந்த டாக்டரு ஒங்ககிட்ட என்ன சொன்னாரு? நான் வாரதுக்கு முந்தியே எல்லாத்தையும் சொல்லிட்டாருல்ல? பத்தியம் இல்ல, கேக்குறதைக் குடுங்கன்னு எங்கிட்டச் சொல்றாரு, ஒங்க மூஞ்சி செத்துப் போச்சு, நான் பார்த்தேன். ராத்திரி பூராம் மோட்டுவளையப் பார்த்துக்கிட்டு கெடக்கீங்க. நானாக் கேட்டு ஒங்க மனசு ஒடைஞ்சுறக் கூடாதுன்னு தெரியாத மாதிரி இருக்கேன். வெசத்தையா கேக்குறீங்க, கருவாடுதானே, இதுகூடச் செஞ்சு போடலைன்னா நான் என்ன பொண்டாட்டி'ன்னு சேலையால மூக்கைச் சிந்துறா.  நான் கத்துனேன், தையல் இழுக்க இழுக்கக் கத்துனேன். 'அடியேய், நீதானடி மறைக்கிற? ஒனக்குத்தானடி தெரியும்?' 'எனக்கு என்னங்க தெரியும்?' 'எனக்கு மட்டும் என்னடி தெரியும்?' ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முழிச்சுப் பார்க்குறோம். கொழம்புல இருந்து ஆவி போகுது. அவ கண்ணைத் தொடச்சுக்கிட்டு, 'ஆஸ்பத்திரிக்கே போனைப் போட்டுருவோம்'ன்னா. போட்டா. எவளோ ஒரு நர்சு எடுத்தா, மயக்க டாக்டரம்மாவைக் குடு, இல்லைன்னா நான் அங்கன வந்து உக்காந்துருவேன்னு பூங்கோதை சொன்ன தோரணைக்கு ஒடனே குடுத்துட்டா.

ஸ்பீக்கர்ல அந்தம்மா சிரிப்போடத்தான் பேசுச்சு. முதுகு ஊசிதாங்கய்யா போட்டுப் பார்த்தோம், பஸ்ஸுல குலுங்கிக் குலுங்கி ஒங்க முதுகெலும்பு தேஞ்சு நெருங்கிக் கெடக்கு, ஊசி உள்ள போகல, ரெண்டு தடவைக்கு மேல குத்த மனசு வரல, அதான் முழு மயக்கம் குடுத்தோம், ஒங்ககிட்டச் சொல்லிட்டுதான் செஞ்சோம், நீங்களும் தலைய ஆட்டுனீங்க, பயம் தெரியாம இருக்க மொதல்ல ஒரு மருந்து போட்டோம்ல, அதுல மறந்திருப்பீங்க. மூச்சுக்கு வாய் வழியாக் கொழாய் வச்சோம், அதான் தொண்டை அறுக்குது. அந்த மயக்கத்துக்கும் வலி ஊசிக்கும்தான் பசிக்கல, நாளைக்குள்ள சரியாயிரும், அப்பவும் வாந்தி நிக்கலைன்னா கூட்டிட்டு வாங்க. நான் தலைய ஆட்டுனேனா? என் தலை எனக்குத் தெரியாம ஆடியிருக்கு! இதையே நம்ப முடியலையே, இனிமே எவன் மூஞ்சியப் பார்த்து நான் டிக்கெட் கேக்குறது. பூங்கோதைக்கு அதெல்லாம் வேணாம், போனைப் பிடுங்கி, 'அது கெடக்கட்டும் தாயி. உள்ள வேற ஏதாச்சும் இருந்துச்சா?'ன்னா. 'என்னம்மா இருக்கும்? குடல் எறங்கி இருந்துச்சு, உள்ள தள்ளி வலை வச்சுத் தச்சிருக்காங்க.' 'அப்ப கேக்குறதைக் குடுங்கன்னு பெரிய டாக்டர் சொன்னாரே, அதுக்கு என்ன அர்த்தம்?'  அந்தம்மா, 'என்ன அர்த்தம்னா... கேக்குறதைக் குடுங்க, அதாம்மா. சாப்பிட மாட்டேங்குறவரு எதையாச்சும் சாப்பிட்டாப் போதும்ல?'ன்னு மெதுவாக் கேட்டுச்சு.

போனை வச்சா. வச்சுட்டு என்னைப் பார்த்தா. எனக்குச் சிரிப்பா அழுகையான்னு தெரியாம என்னமோ வருது, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கேன், கொழம்பு வாசம் மூக்குல ஏறுது, எங்கயோ அடியில கிள்ளுற மாதிரி லேசா ஒரு பசி, சத்தியமாப் பசிதான். தட்டுக்குக் கைய நீட்டுனேன். படக்குன்னு இழுத்துக்கிட்டா. 'எடுங்க கைய! பிரஷரை வச்சுக்கிட்டு, தையல் ஈரம் காயல, கருவாடு கேக்குதா கருவாடு? புத்தி இருக்கா ஒங்களுக்கு? வெயில்ல மூணு கடை ஏறி எறங்கியிருக்கேன், பாவி மனுசா, ஒரு ராத்திரி பூராம் என்னைக் கொன்னு எடுத்துட்டீரே.' நான், 'ஒரே ஒரு துண்டுடி, டாக்டரே குடுக்கச் சொல்லுச்சுல்ல'ன்னேன். 'சாகப் போற மனுசனுக்குன்னு வச்சேன் இது. ஒங்களுக்குக் கஞ்சிதான்'ன்னா. சொல்லிட்டுக் கட்டில் ஓரத்துலயே தரையில சம்மணம் போட்டு உக்காந்து, அந்தத் தட்டை மடியில வச்சுப் பெசஞ்சு பெசஞ்சு அவளே தின்னா. நேத்துக் காலைல நான் ஆபரேஷனுக்காகப் பட்டினி கெடந்தப்பத் தானும் பட்டினியாக் கெடந்தவ, அதுக்கப்புறம் இந்த நேரம் வரைக்கும் பல்லுல எதுவும் படாம இருந்திருக்கா. அழுதுக்கிட்டே தின்னா, முள்ளைத் துப்பிக்கிட்டே திட்டுனா, ஈரத் துண்டு, ஊறுகா, மாத்திரைன்னு ஒண்ணு விடாம ஆரம்பத்துல இருந்து திட்டுனா. நான் ஆறிப்போன கஞ்சிய எடுத்து, அவ திட்டத் திட்ட, மடக்கு மடக்காக் குடிச்சேன்.